ஜார்ஜியா மாமியின் கேள்வி

"நீ புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பறே. கையில ஒரு மூட்டை. வாசல்படியில மாமியார் மறிச்சுண்டு நிக்கறா. அவகிட்ட என்ன சொல்லுவே?"

அபிராமபுரம் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த மறுநாள், அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த என்னிடம் முன்பின் பார்த்திராத ஓர் அம்மாள் இப்படிக் கேட்டார். என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. அன்று காலையில்தான் என் மாமியாரைப் பற்றி எனக்கும் என் கணவருக்கும் ஒரு வாய்ச்சண்டை நடந்திருந்தது. அந்த வீட்டுச் சுவர்களோ மெல்லிசு. ஒட்டுக்கேட்டுவிட்டு வம்புக்கு வந்திருக்கிறார் என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னத்தச் சொல்ல? வழிய விடுங்க, பஸ்சு போயிரும்னு சொல்லுவேன்" என்றேன், வெடுக்கென்று.

அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வழியை விடுங்க... ஆமா, அவ்வளவுதான். வழியை விடுங்க..." என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கொல்லைப் பக்கத்து மாடிப்படியில் ஏறிப் போய்விட்டார். குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பது பிறகுதான் தெரிந்தது. ரஷ்யாவில் இங்கிலீஷில் அச்சாகி இங்கே வரும் கெட்டி அட்டைக் கதைப் புத்தகங்களை ஒரு பதிப்பகத்துக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் அவர் கையில் இருந்ததெல்லாம் ஜார்ஜியாக் கதைகள். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்டவை. ஜார்ஜியா அமெரிக்காவில் இருக்கிறது என்று என் கணவர் அடித்துச் சொன்னார். மாமி அட்லஸைக் கொண்டுவந்து, கருங்கடலுக்குக் கிழக்கே கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய ஓர் இடத்தைக் காட்டி அவர் வாயை அடைத்தார். அன்றிலிருந்து அந்த நாலு போர்ஷன் வீட்டில் அவர் ஜார்ஜியா மாமி ஆகிவிட்டார். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்குத் தெரியாமலும் இருந்ததில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. வெளிர் நிற வாயில் புடவை, மூக்கில் வழியும் கண்ணாடி, மை படிந்த நடுவிரல். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து பாதியில் விட்டவர். மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. கதையில் ஒரு பெண் வாயைத் திறந்து பேசினால், அந்தப் பேச்சை உயிரோடிருக்கும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து கேட்காமல் எழுதமாட்டார். ஆண்கள் பேசுவதையெல்லாம் அறைக்குள்ளேயே உட்கார்ந்து மளமளவென்று எழுதித் தள்ளிவிடுவார். "அவா பேசறதைத்தான் ஜன்மம் பூரா கேட்டாச்சே" என்பார். பெண் பேச ஆரம்பித்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு இறங்கி வந்துவிடுவார்.

பம்படியில் கேட்பார். பூக்காரி கன்னியம்மாவிடம் கேட்பார். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் இருப்பவரிடம் கேட்பார். "உன் பொண்ணை ராத்திரியோட ராத்திரியா எவனோ குதிரையில தூக்கிண்டு போயிட்டான். ஊர்ல எல்லாரும் அவனுக்கே கட்டிக் குடுத்துடுன்னு சொல்றா. நீ தாயார். என்ன சொல்லுவே?" என்று ஆரம்பித்தால், கேட்கப்பட்டவள் முதலில் திகைப்பாள், அப்புறம் பதில் சொல்வாள். சொல்லாமல் போனவள் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. சிலபேர் பதில் சொல்லிவிட்டு அழுதார்கள்.

என் கணவர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருந்தார். ஒரு நாள் மாமியும் நானும் பாண்டி பஜாருக்குப் போனவர்கள் அங்கே நுழைந்தோம். ஒரு கல்யாண வீட்டார் கூறைப்புடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா, அத்தை, மாப்பிள்ளை வீட்டு அக்கா என்று எல்லோரும் புடவைகளைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். நடுவில் கல்யாணப் பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மாமி நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "பச்சை" என்றாள்.

அம்மாக்காரி அதிர்ந்துபோனாள். "இவ்வளவு நேரமா ஏன்டி சொல்லல?" என்றாள். யாரும் கேட்கவில்லையே என்று அந்தப் பெண் சொல்லவில்லை. கடைசியில் அரக்குத்தான் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் என் கணவர், "உங்க மாமிய இனிமே கடைப் பக்கம் கூட்டிட்டு வந்திராத. முதலாளி என்னைத்தான் பிடிப்பாரு" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். நானும் பதிலுக்கு எரிந்து விழுந்தேன். அதற்கு முன்னால் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் கொல்லையில் நிழல் விழும். பாத்திரம் தேய்ப்பவர்கள், கீரை ஆய்பவர்கள், தலை பின்னுபவர்கள் எல்லாம் அங்கேதான். மாமி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அன்று எழுதியதைப் படிப்பார். மண்ணில் புதைத்த பெரிய பெரிய ஜாடிகளில் திராட்சை ரசம் ஊறும் ஊர். இடுப்பில் கத்தி இல்லாமல் ஆண்பிள்ளை வெளியே கிளம்பாத ஊர். ஒருவன் செத்தால் அவன் மனைவி ஆயுசுக்கும் கறுப்பிலேயே கிடக்கும் ஊர். எங்கேயோ பனி பெய்யும் மலையில் நடந்த கதைதான். ஆனால் அவர் படிக்கப் படிக்க, பாதிப் பேர் "இது நம்ம மந்தைவெளியில நடந்ததாட்டம் இருக்கே" என்பார்கள்.

அதை எழுதியவர்களைப் பற்றியும் சொல்வார். "அந்த ஊர்ப் பசங்க சிலபேர் தூரதேசத்துக்குப் போய்ப் படிச்சா. திரும்பி வந்து பாத்தா, அம்மா அடுப்படியிலேயே கிடக்கறா, தங்கையை ரெண்டு மாட்டுக்குப் பேசி முடிச்சிருக்கா. படிச்ச கண்ணுக்கு அப்போதான் அது தெரிஞ்சுது. பொறுக்கலை, எழுதினா. நன்னாத்தான் எழுதினா. ஆனா கடைசியில எல்லாரும் கதையில வர பொண்ணைக் கொன்னுடறா. ஒண்ணு பைத்தியம் பிடிக்கறது, இல்லேன்னா நதி. ஏன்தான் இப்படியோ."

"அப்ப நீங்க மாத்தி எழுதிருங்க. தமிழ்ல படிக்கப்போறவளுக்கு என்ன தெரியப்போவுது?" என்று நான் சொன்னேன்.

மாமிக்கு வந்ததே கோபம். "பொய் சொல்லி அவளை ஜெயிக்க வைக்கறதுக்கு நான் யாரு? அவ செத்தாத்தான் செத்தா. படிக்கறவளுக்கு வயிறு எரியட்டும்."

வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூடத் தன் இஷ்டத்துக்குத் தொடமாட்டார். பதிப்பகத்தில் ஒரு புலவர் இருந்தார். கைப்பிரதியைத் திருத்துவது அவர் வேலை. "வழியை விடுங்க" என்று இருந்ததை அவர் "வழிவிடுவீராக" என்று ஆக்கிவிட்டார். மாமி என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், அவர் மேஜைக்கு முன்னால் நின்றார். "ஐயா, இவ அடுப்படியிலேருந்து கிளம்பி வரா. அரசசபையிலேருந்து வரலை. இது மாறினா என் பேரை எடுத்துடுங்கோ." புலவர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டு அடித்ததை மறுபடி எழுதினார். புத்தகம் வெளிவந்தபோது அந்தப் பக்கத்தை மாமியே பிரித்து என்னிடம் நீட்டினார். ஒரு ஜார்ஜியப் பெண் வாசலில் நின்று சொல்கிறாள்: "வழியை விடுங்க, இருட்டறதுக்குள்ளே மலையைத் தாண்டணும்." இன்றைக்கும் அந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. என் வாழ்க்கையில் அச்சில் ஏறிய ஒரே பேச்சு அதுதான். அதுவும் ஒரு மலைக்காரி பேரில்.

அந்தப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அதன் கடைசிக் கதைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு சின்ன வயசு விதவை. பள்ளத்தாக்கில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. அங்கே போய்ப் படித்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. புருஷன் வீட்டார் ஒரு பக்கம், பிறந்த வீட்டார் ஒரு பக்கம் நின்று, அவள் யாருக்குச் சொந்தம் என்று கத்தியை உருவுகிறார்கள். அவள் தன் தலைத்துணியை அவிழ்த்து அவர்களுக்கு நடுவில் எறிகிறாள். அந்த நாட்டு வழக்கம் அது. சண்டை போடுகிற ஆண்களுக்கு நடுவில் ஒரு பெண்ணின் தலைத்துணி விழுந்துவிட்டால் அதைத் தாண்டிக் கத்தி போகக் கூடாது.

"இதை நம்ம ஊர்ப் பொம்மனாட்டிக்கு எப்படிப் புரியவைக்கிறது?" என்று மாமி கொல்லையில் எல்லோரையும் கேட்டார். அன்று பூக்கூடையோடு கன்னியம்மாவும் இருந்தாள்.

"இன்னாம்மா நீ? இங்க ஒரு பொம்பள துணிய அவுத்துப் போட்டா சண்டை நிக்குமா? அத்தினி பேரும் வேடிக்கை பாத்துகினு நிப்பானுங்க" என்றாள் அவள்.

நாங்கள் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. "அப்போ நம்ம ஊர்ல எதைக் கண்டா ஆம்பிளைகள் நிறுத்துவா?" என்று கேட்டார். போலீஸ் என்றாள் ஒருத்தி. மழை என்றாள் ஒருத்தி. சாப்பாடு என்றேன் நான். மாமி திருப்தியில்லாமல் கழுத்தைத் திருப்பி, முன் போர்ஷன் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாமி, நீங்க சொல்லுங்கோ. எதைக் கண்டா நிறுத்துவா?"

ஜன்னல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், எங்களோடு கொல்லையில் வந்து உட்காரும் ஜெயா என்ற பெண்ணின் மாமியார். கடுமையான மடி ஆசாரக்காரர். முதல் நாளே நனைத்துப் பிழிந்த ஒன்பது கஜம் புடவையைக் கூடத்தில் உயரக் கட்டிய மூங்கில் கொடியில் ஒரு நீளக் கோலால் உலர்த்துவார். மறுநாள் குளித்துவிட்டு, கோலாலேயே எடுத்து உடுத்திக்கொண்டு சமைப்பார். நடுவில் வேறு யார் கை பட்டாலும், கால் பட்டாலும் அந்தப் புடவை தீட்டு. அவர் வீட்டுக்காரர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் கொடிக்குக் கீழே போகும்போது குனிந்து ஒதுங்கித்தான் போவார். சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு. மாடியில் தனியாக வாழ்ந்துகொண்டு ஊர்ப் பெண்களிடம் கண்டதைக் கேட்டுத் திரியும் மாமியை அந்த அம்மாளுக்குக் கண்டாலே ஆகாது. "மாடிக்காரி" என்பார். கொல்லைக் கதைக்கு வந்ததே இல்லை. ஆனால் மாமி படிக்கிற நேரத்தில் அந்தச் சமையலறையில் அம்மி சத்தம் நின்றுபோவதை நான் கவனித்திருக்கிறேன்.

ஜெயா அவர்களுடைய மருமகள். அவர்கள் மகன் மஞ்சள்காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. இருபத்தைந்து வயசுகூட இருக்காது. மாமனார் தூங்கும் நேரத்தில் மயிலாப்பூரில் தட்டச்சு வகுப்புக்குப் போய்த் தேர்வெல்லாம் பாஸ் செய்திருந்தாள். மாமியார் பார்த்தும் பாராதமாதிரி இருந்தார் என்பது என் ஊகம்.

மாமி யாரைக் கேட்டாலும் பதில் கிடைத்தது என்று சொன்னேன். ஜெயாவிடம் மட்டும் கிடைக்கவில்லை. "நீ என்ன சொல்லுவே ஜெயா?" என்று எத்தனை தரம் கேட்டாலும், "எனக்குத் தெரியலை மாமி" என்பாள். மாமியும் விடமாட்டார். தலைத்துணிக் கதை ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அது கொஞ்சம் அதிகமாகவே போயிற்று. "கத்தியை உருவிண்டு நிக்கறா. உன்னைப் பத்தித்தான் பேச்சு. நீ என்ன சொல்லுவே? சொல்லேன்? ஒரு வார்த்தை?" ஜெயா கீரையை அப்படியே போட்டுவிட்டு அழுதுகொண்டு உள்ளே ஓடினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாடியேறிப் போய்ச் சண்டை பிடித்தேன். "உங்க புஸ்தகத்துக்கு அவ கண்ணீருதான் கிடைச்சுதா? அந்தப் பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துதிய?"

மாமி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எனக்குப் பதிமூணு வயசு. என்னைக் கட்டிண்டவர் முகம்கூட எனக்குச் சரியாத் தெரியாது, போயிட்டார். கூடத்துல அப்பா, சித்தப்பா, ரெண்டு மாமா உக்காந்து பேசினா. தலையை மழிக்கறதா, வேண்டாமா? பெரியம்மா ஆத்துல விடறதா, ஹாஸ்டல்ல சேர்க்கறதா? நான் சமையலுள் கதவுக்குப் பின்னால நின்னுண்டிருந்தேன். நாலு பேருமே நல்லவாதான். ஹாஸ்டல்னு தீர்மானமாச்சு. நான் படிச்சேன், நன்னாத்தான் இருக்கேன். ஆனா என்னை யாரும் கேக்கலை. கேட்டிருந்தா நானும் படிக்கப் போறேன்னுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு தடவை வாய்ச்சிருக்கலாமேன்னு இன்னிக்கும் இருக்கு."

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். வந்த சண்டையை முடிக்கவில்லை. அவரைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வாய்க்காத அந்த ஒரு தடவையை ஊர்ப் பெண்களுக்கெல்லாம் வலியக் கொடுத்துக்கொண்டே திரிகிறாரோ என்று தோன்றிற்று.

அந்த மாதமே ஜெயாவுக்கு நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். விஷயம் தெரிந்ததும் மாமனார் வீட்டில் புயல். வடக்கே பிலாயிலிருந்த ஜெயாவின் அண்ணனுக்குத் தந்தி போயிற்று. அவர் சனிக்கிழமை காலை வந்து இறங்கினார். அன்றைக்கு அமாவாசை.

நான் பம்படியில் இருந்தேன். கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. எல்லாம் கேட்டது, பாதி தெரிந்தது.

"என் தங்கை. நான் அழைச்சுண்டு போறேன். ஆத்துக்காரிக்கு ஏழாம் மாசம், ஒத்தாசைக்கு ஆள் வேணும். டிக்கெட்டே எடுத்தாச்சு" என்றார் அண்ணன்.

"எங்காத்து மாட்டுப்பொண்ணு. என் பிள்ளை போனப்புறம் அவளை அனுப்பிட்டேன்னு ஊர் பேசணுமா? அவ போயிட்டா இந்த வயசுல அவ மாமியாருக்கு யார் செய்வா?" என்றார் மாமனார்.

ஜெயாவை வேலைக்கு அனுப்புவதில்லை என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. அவள் யார் வீட்டில் உழைப்பது என்பதில்தான் சண்டை. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அண்ணன் அவளுடைய டிரங்குப் பெட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினார். மாமனார் பாய்ந்துபோய் மறு காதைப் பிடித்தார். அறுபத்தைந்து வயசு மனுஷர் ஒரு பக்கம், வாட்டசாட்டமான ஆள் ஒரு பக்கம், நடுவில் பெட்டி. "விடுங்கோ!" "நீ விடு!" பெரியவர் தடுமாறி, கையை ஓங்கிவிட்டார். இளையவரும் பெட்டியை ஒரு கையால் பிடித்தபடியே மறுகையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஜெயா சமையலுள் கதவை ஒட்டி, சுவரோடு சுவராக நின்றிருந்தாள். மாமி மாடியிலிருந்து ஓடி வந்து எனக்குப் பக்கத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து மாமியார் வந்தார். தலைக்குக் குளித்த ஈரம் சொட்டுகிறது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மடிப் புடவையை எடுக்க வந்தவர், கையில் நீளக் கோல். இரண்டு ஆண்களையும் பார்த்தார். கோலை உயர்த்தினார். கொடியில் கிடந்த புடவையை நெம்பி, அவர்கள் இருவருக்கும் நடுவில் தள்ளிவிட்டார்.

ஒன்பது கஜமும் பெட்டிமேலும் தரையிலும் பொத்தென்று விழுந்தது.

"ஐயோ, மடி!" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பெட்டியை விட்டுவிட்டுப் பின்னால் துள்ளினார்கள். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகப் போயிற்று. பெரியவர் ஒரு சுவரோரம், இளையவர் எதிர்ச்சுவரோரம். நடுவில் புடவை கிடந்தது. அதைத் தாண்டி யாரும் வரவில்லை.

"இன்னிக்கு இனிமே அடுப்பு கிடையாது. உக்காருங்கோ ரெண்டு பேரும்" என்றார் மாமியார்.

உட்கார்ந்தார்கள். அமாவாசையும் அதுவுமாக அந்தப் புடவையைக் கீழே போட்டால் அந்த வீட்டில் சமையல் இல்லை, யாருக்கும் சாப்பாடு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து காப்பாற்றிய ஆசாரத்தைத் தன் கோலாலேயே தள்ளிவிட்டார்.

ஆனால் அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் போனால் ஆண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, இந்தத் தரம் சத்தம் போடாமல், அவர்களே பேசி முடித்துவிடுவார்கள். பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரிப்பா, நாம நிதானமா..." என்று ஆரம்பித்தும்விட்டார்.

"ஜெயா" என்றார் மாமி, ஜன்னலுக்கு வெளியே இருந்து. கொல்லையில் கதை படிக்கிற அதே குரல். "நீ என்ன சொல்லுவே?"

இந்தப் பெண் மறுபடியும் எனக்குத் தெரியலை என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஜெயா அண்ணனைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. "இங்கேருந்துதான் போவேன். சாயங்காலம் இங்கேதான் வருவேன். அம்மாவுக்கு நான் செய்வேன்."

அம்மா என்று அவள் சொன்னது மாமியாரை.

அண்ணன் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். "இதெல்லாம் யார் சொல்லிக்குடுத்த பாடம்னு தெரியறது" என்றார்.

"அவ வாயால அவ சொன்னா. உனக்குக் காது கேட்டுதோன்னோ?" என்றார் மாமியார். அவ்வளவுதான். அண்ணன் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார். கிளம்புமுன் அந்தப் புடவையை மிதிக்காமல் ஒதுங்கி, சுவரோரமாகவே நடந்துபோய்ச் செருப்பை மாட்டினார்.

இதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது நான் அன்று மாமியிடம் சொன்ன மாதிரி முடிவை மாற்றி எழுதுவதாகிவிடும். மாமனார் பல மாதம் ஜெயாவோடு பேசவில்லை. அவள் தட்டு வைத்தால் எழுந்து போய்விடுவார். அண்ணன் வீட்டிலிருந்து வருஷக்கணக்காக ஒரு கடிதாசு இல்லை. குழந்தை பிறந்ததைக்கூட யார் மூலமோதான் கேள்விப்பட்டாள். தெருவிலும் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். மாமிக்கு அந்த வீட்டு வாசல்படி ஏற அனுமதி இல்லை என்று பெரியவர் சத்தமாக அறிவித்தார். மாமி அதற்கு முன்னாலும் ஏறியதில்லை.

திங்கட்கிழமை ஜெயா வேலைக்குப் போனாள். சாயங்காலம் நானும் மாமியும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. பஸ் வந்து போகிற சத்தம் தெருமுனையில் கேட்கும். ஒவ்வொரு தடவையும் நாங்கள் கழுத்தை நீட்டுவோம். முன் போர்ஷன் அம்மாளும் நிலைகொள்ளாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பிறகு கொல்லைப் பக்கம் வந்து, மாடிப்படிக்குக் கீழே, எங்களிடமிருந்து எட்டவே நின்றுகொண்டார். அவர் அங்கே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏய், மாடிக்காரி" என்றார். "அந்த மலைக்காரி என்ன ஆனா?"

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி அத்தியாயத்தை அவர் கொல்லையில் படிக்கவில்லை. என்னிடம் மட்டும்தான் மாடியில் படித்துக் காட்டியிருந்தார். நல்லா இருக்காள்னு சொல்லிருங்க என்று நான் அவர் கையைக் கிள்ளினேன். இந்த ஒரு அம்மாளிடம், இந்த ஒரு நாளில் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

மாமி என் கையை விலக்கினார்.

"நதியில விழுந்துட்டா மாமி. அவ துணியைப் போட்டா. சண்டை நின்னுது. கத்தியை உறையில போட்டுண்டு எல்லாரும் உக்காந்தா. உக்காந்து, அவளை யாருக்குன்னு அவாளே பேசி முடிச்சுட்டா. அவ எழுந்து போயிட்டா."

மாமியாரின் கண் வாசல் பக்கமே இருந்தது.

"அவளை ஒருத்தரும் கேக்கலையா?"

"கேக்கலை."

"நீ அங்கே இல்லாம போயிட்டியேடி" என்றார் அந்த அம்மாள்.

மாமி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வாசலில் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஜெயா வந்துவிட்டாள்.